ஃபியூஷன்: கலப்பிசையா, மறுவார்ப்பா?

மொரீசியஸில் நம்மவர் மேடைகளில் ‘ஃபியூஷன்’ படாத பாடு படுகிறது. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் டிரம்ஸ் செட்டை வைத்தால் ஃபியூஷன். திருப்புகழுக்கு நடுவே ஒரு பையன் கிரியோலில் ராப் பாடினால் அதுவும் ஃபியூஷன். தியாகராஜர் கீர்த்தனைக்கு அடியில் ராக் கிதார் உறுமினாலும் ஃபியூஷன்தான். மூன்றும் வேறு வேறு வேலைகள். ஒரே பெயரைச் சூட்டிவிட்டதால், எது நன்றாக வந்தது, எது ஒட்டாமல் நின்றது என்று பேசவே முடிவதில்லை.

சொல்லின் வேர் லத்தீனம். ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுதல், உருக்கி வார்த்தல். பிரெஞ்சு பழகிய நமக்கு இது அந்நியமில்லை. உருகுவதைச் சொல்லும் ‘ஃபோந்த்ர்’, வார்ப்படச் சாலையைச் சொல்லும் ‘ஃபோந்திரி’ இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. ஆக, இந்தச் சொல்லுக்குள் நெருப்பு இருக்கிறது. உருகாத வரை ஃபியூஷன் இல்லை. 1960களின் கடைசியில் ஜாஸும் ராக்கும் நெருங்கியபோது இசையுலகம் இதை எடுத்துக்கொண்டது. 1970இல் வந்த ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ இசைத்தொகுப்பு அந்தப் போக்கின் பெரிய அடையாளம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சேர்ந்திசை’ ஏற்கெனவே பலர் கூடிப் பாடுவதற்குப் போய்விட்டது. ‘பல்லியம்’ வாத்தியக் குழுவுக்கு உரிய பழஞ்சொல். ‘இணைவிசை’ என்று சிலர் எழுதுகிறார்கள்; எனக்குப் பிடிக்கவில்லை. இணைவு, இசை என்று பிரிக்க வேண்டியதை இணை, விசை என்று வாசித்துவிட்டால் இயற்பியல் பாடமாகிவிடும். மிஞ்சுவது ‘கலப்பிசை’. கலப்பு என்றதும் கலப்படம் நினைவுக்கு வருகிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. குறுந்தொகைப் புலவர் ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்றபோது யாரும் கலப்படத்தை நினைக்கவில்லை. செம்மண்ணில் விழுந்த மழைநீரை மறுபடி பிரித்தெடுக்க முடியாது. கலப்பிசைக்கும் அதுவே அளவுகோல்.

இதற்கு நம் தீவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: செகே. நம் தீவின் மரபிசையான சேகாவும் ஜமைக்காவின் ரெகேயும் கலந்து பிறந்தது. பாடகர் காயா 1980களில் பாடி வளர்த்தது. அதில் எது சேகா, எது ரெகே என்று கோடு கிழிக்க முடியாது. பெயரிலேயே இரண்டும் கரைந்துவிட்டன.

ஆனால் பழைய கீர்த்தனையை ராக்கிலோ ஹிப் ஹாப்பிலோ பாடுவது இதே வகையா? இல்லை என்பேன். அங்கே இரண்டு இசைகள் கூடிப் புதுப் பாட்டைப் பெறவில்லை. இருக்கிற ஒரு பாட்டு உருகி வேறு அச்சில் இறங்குகிறது. அதற்கு ‘மறுவார்ப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஃபுண்டெரேயின் மூல அர்த்தமும் இதில்தான் முழுதாக நிற்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதிய ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ படைப்பை, எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1971இல் ராக் இசையாக வாசித்தது. தங்கள் சொந்த வரிகளையும் பகுதிகளையும் சேர்த்து, அதை வேறொரு உருவமாகவே எழுப்பினார்கள். அது மறுவார்ப்பு. பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை வெட்டிச் சுழலவிட்டு அடியில் தாளம் போடுவது ‘மறுகலவை’, அதாவது ரீமிக்ஸ். அதுவும் ஒரு கலைதான். வேலை மட்டும் வேறு.

எது உருகலாம், எது உருகக் கூடாது என்பதுதான் கடினமான இடம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. பல கீர்த்தனைகள் அதன் முதல் தட்டான சமத்தில் தொடங்குவதில்லை. அரை எண்ணிக்கை தள்ளியே எடுப்பு, அதாவது பாட்டின் தொடக்கம், வரும். டிரம்ஸ் வாசிப்பவர் ராக் வழக்கப்படி இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் டிரம்மை ஓங்கி அடிக்கும்போது, பாடகர் தன்னையறியாமல் சமத்துக்கு நகர்ந்துவிடுவார். சொற்கள் அப்படியே இருக்கும், பாட்டின் நடை போய்விடும். கிதாரில் இன்னொரு சங்கடம், சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம். மெட்டுக்கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் அசைவுகளைச் சாதாரணக் கிதாரில் பிடிப்பது கடினம். இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த ‘சக்தி’ குழுவில் வாசித்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் இதற்காகவே, கட்டைகளுக்கிடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய ஒரு கிதாரைச் செய்வித்துக்கொண்டார். தந்தியை ஆழமாக அழுத்தி இழுக்க அது இடம் கொடுத்தது. கடம் விநாயக்ராமும் வயலின் எல். சங்கரும் பக்கத்தில் இருக்கும்போது நேர்ச்சுரமாக வாசித்துத் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் இதைவிட நெருக்கமான வழி ஒன்று இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சேகாவின் உயிர் ரவான் என்ற பறை. ஆட்டுத்தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றிய பிறகே வாசிப்பார்கள். அதன் ஆறு-எட்டு நடை, எண்ணிக்கைக்கு மூன்றாக நடக்கும் நம் திஸ்ர நடைக்கு உறவு. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசை பயிலும் பிள்ளைகளுக்கு, திஸ்ர நடைப் பாட்டு ஒன்றை ரவானோடு பாடுவது ராக் பீட்டில் பாடுவதைவிட இயல்பாக வரும் என்று நம்புகிறேன்.

ஹிப் ஹாப்பின் ராப்புக்குத் தமிழில் ‘சொல்லிசை’ என்ற நல்ல சொல் வழங்குகிறது. அருணகிரிநாதர் வழிவந்த நமக்கு அது தூரத்துச் சரக்கல்ல. ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்பதன் சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’. அந்த வல்லின ஒற்றுகளைத் தாள அடியோடு மோதவிட்டு ஒருவர் மூச்சுப் பிடித்துச் சொன்னால், பீட் அந்தச் சந்தத்துக்குப் பின்னால் வரும். பீட்டுக்காக ஒற்றை விழுங்கினால் திருப்புகழும் போகும், சொல்லிசையும் போகும்.

ஆகவே அழைப்பிதழ் அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பாட்டென்றால் ‘கலப்பிசை’ என்று போடுங்கள். பழைய உருப்படியைப் புதிய பாணியில் பாடுவதானால் ‘மறுவார்ப்பு’ என்று போட்டு, அதன் கீழே மூலத்தை இயற்றியவர் பெயர், ராகம், தாளம் மூன்றையும் எழுதுங்கள்.