பெமிஸிடம் இன்னொரு கண்ணாடி இருந்திருந்தால்

போன ஞாயிற்றுக்கிழமை ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரில் ‘டைம் இனஃப் அட் லாஸ்ட்’ பகுதியை மறுபடி பார்த்தேன். 1959 நவம்பரில் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. லின் வெனபிள் எழுதிய சிறுகதைக்கு ராட் செர்லிங் திரைக்கதை எழுதியிருந்தார். கல்லூரி நாட்களில் பார்த்தபோது முடிவைக் கண்டு அதிர்ந்து போனதோடு சரி. இப்போது நான் தினமும் கண் பரிசோதனை செய்கிற ஆப்டோமெட்ரிஸ்ட், அதனால் கடைசி இரண்டு நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹென்றி பெமிஸ் ஒரு வங்கிக் காசாளர், பர்ஜெஸ் மெரெடித் நடித்திருப்பார். கனமான கண்ணாடி, கையில் எப்போதும் ஏதாவது புத்தகம். வங்கியில் படித்தால் மேலாளர் திட்டுவார், வீட்டிலோ மனைவி அவருடைய கவிதைப் புத்தகத்தில் ஒரு வரி விடாமல் அடித்துக் கிறுக்கி வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டக அறைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது ஹைட்ரஜன் குண்டு விழுந்து ஊரே அழிகிறது, இவர் மட்டும் தப்பிக்கிறார். இடிந்து கிடக்கும் நூலகத்தைக் கண்டதும் எந்த மாதம் எதைப் படிப்பது என்று மாதவாரியாகப் புத்தகங்களை அடுக்குகிறார். இனி யாரும் கூப்பிடப் போவதில்லை, வேண்டிய மட்டும் நேரம். ஒரு புத்தகத்தை எடுக்கக் குனிகிறார், கண்ணாடி நழுவி விழுந்து நொறுங்குகிறது.

எனக்கு முதலில் வந்த கேள்வி, அவருடைய பவர் என்ன என்பதுதான். மைனஸ் 8 போன்ற கிட்டப்பார்வையாக இருந்திருந்தால் புத்தகத்தைக் கண்ணிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டரில் பிடித்துக் கண்ணாடி இல்லாமலே படித்திருப்பார். பெரிய பிளஸ் பவராக, அதாவது கடுமையான தூரப்பார்வையாக இருந்தால்தான் கிட்டேயும் தெரியாது, தூரத்திலும் தெரியாது. அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நிலைமை பெரும்பாலும் இதுதான். புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள், உள்ளே வேறு லென்ஸ் வைக்க மாட்டார்கள். கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தியது 1949-இலேயே, ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் லென்ஸ் செய்யத் தொடங்கியது 1992-இல். அதற்கு முன் ஆபரேஷன் செய்துகொண்ட நம் தாத்தா பாட்டிகள் பலர் பிளஸ் 10-க்குப் பக்கத்தில் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் வாழ்ந்தார்கள்.

அப்படி ஒரு பெரியவர் சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, படி எங்கே என்று காலால் தடவித் தடவி நடந்து வந்தார். பஸ் நெரிசலில் கண்ணாடி கீழே விழுந்து மிதிபட்டிருக்கிறது. ஒரு பக்க லென்ஸ் இல்லை, மறுபக்கம் விரிசல், ஃபிரேமின் காது உடைந்து கறுப்பு நூலால் கட்டியிருந்தது. பவர் எழுதிய சீட்டும் இல்லை, வேறு கண்ணாடியும் இல்லை. “சுகர் மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எதுன்னு அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் போட்டுக்கிறேம்மா” என்றார். அந்த அளவு பவர் உடனே கிடைக்காது, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். அதுவரை என்ன செய்வார் என்று நினைத்தபோது எனக்குக் கையே ஓடவில்லை.

அப்போது ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, நடுவில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, அதைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் மாத்திரை அட்டையைப் பார்க்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகப் படித்தார். நாங்கள் தினமும் பயன்படுத்தும் ‘பின்ஹோல்’ சோதனைதான் இது. துளை வழியாக மெல்லிய ஒளிக்கற்றை மட்டும் உள்ளே போவதால் கண்ணில் விழும் பிம்பம் அவ்வளவாகச் சிதறாது. நல்ல வெளிச்சம் வேண்டும், பார்க்கும் பரப்பும் ரொம்பக் குறுகிவிடும் என்பதால் இதை வைத்துக்கொண்டு நடக்கவோ வண்டி ஓட்டவோ கூடாது. பட்டப்பகலில் அந்த நூலகப் படியில் உட்கார்ந்து பெமிஸும் ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கலாமே என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. துளை வழியாகப் பார்த்தால் தெளிகிறது என்றால் பெரும்பாலும் பவர் பிரச்சினை. தெளியவில்லை என்றால் கண்புரை, விழித்திரை, நரம்பு என்று வேறு எதுவும் இருக்கலாம், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று பார்வை மங்கினால் வீட்டில் எந்தச் சோதனையும் செய்து நேரத்தைக் கடத்தாமல் அன்றைக்கே போக வேண்டும்.

புதுக் கண்ணாடி போட்டதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பவர் கொஞ்சம் மாறியிருந்தாலும் ஆபத்துக்கு அது உதவும். பவர் சீட்டை போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். அம்மா அப்பாவின் கண்ணாடியை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள், கீறல் விழுந்து புகை படிந்த மாதிரி இருக்கும், அவர்கள் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். “இந்த வயசுல படிச்சு என்ன ஆகப்போகுது” என்று பிள்ளைகள் என் முன்னாலேயே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெமிஸின் மனைவி செய்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் பெரியவருக்கு ஒரே பவரில் இரண்டு கண்ணாடி செய்து கொடுத்தோம். முதலில் ஒன்றைப் போட்டு மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருந்த காலாவதித் தேதியைச் சத்தமாகப் படித்தார். அப்புறம் அதைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, அதே தேதியை மறுபடி படித்தார்.