பிள்ளைகளைப் பற்றிப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை, காரைக்குடியில் என் குழந்தை வளர்ச்சி மையத்துக்கு வருகிறவர்களில் சிலர் குழந்தையைக் காட்ட வருவதில்லை. படிப்பு விசாரிக்க வருகிறார்கள். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து மகளையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இவளுக்குச் சின்னப் பிள்ளைகள்னா உயிர். அந்த மாதிரிப் படிப்பு எந்தக் காலேஜில இருக்கு?”

நல்ல ஆசைதான். ஆனால் கல்லூரிப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் அந்தப் பெண்ணிடம், படித்து முடித்து எந்த வேலைக்குப் போக நினைக்கிறாய் என்று கேட்பேன். பேச்சு வராத குழந்தைக்குப் பயிற்சி தருபவர் ஒருவர். எழுத்தும் கணக்கும் ஏறாத பிள்ளைக்கு வேறு வழியில் கற்றுத் தருபவர் இன்னொருவர். அறிவுத்திறனைச் சோதித்து அறிக்கை எழுதுபவர், அங்கன்வாடிகளை மேற்பார்வை செய்பவர், பிரியப் போகும் பெற்றோருடன் குடும்ப நீதிமன்றத்தில் பேசுபவர் எல்லாம் தனித்தனி ஆட்கள். எல்லாருமே குழந்தைகளுக்காக வேலை செய்கிறவர்கள். ஆனால் ஒருவருடைய பட்டத்தை வைத்து இன்னொருவர் வேலையைச் செய்ய முடியாது. பதினேழு வயதில் இதை யாராவது சொல்ல வேண்டும். மூன்று வருடம் படித்து முடித்த பிறகு தெரிந்துகொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தை வளர்ச்சியும் குடும்ப வாழ்வும் நம் நாட்டில் பெரும்பாலும் மனையியல் துறைக்குள்தான் கற்பிக்கப்படுகின்றன. மனையியல் என்றதும் “சமையல் படிப்பா?” என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உணவும் ஊட்டச்சத்தும் அதில் ஒரு கிளை. ஆடை, குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி ஆகியவை மற்ற கிளைகள். குழந்தையையும் குடும்பத்தையும் படிக்கும் கிளைக்குப் பெயர் மனித மேம்பாடு. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932இல் தொடங்கியது. கோவை அவினாசிலிங்கம் 1957இல் வந்தது. பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாட்டுக்கும் குடும்பவியலுக்கும் தனித் துறையே இருக்கிறது. நமக்கு இன்னும் பக்கத்தில், மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே காந்திகிராமத்திலும் மனையியல் துறை உண்டு.

பி.எஸ்சி மனையியல் பெரும்பாலும் மூன்று வருடம். பொதுவாக அதில் எல்லாக் கிளைகளையும் கொஞ்சம் கொஞ்சம் தொடுவார்கள். குழந்தையை மட்டும் எடுத்து ஆழமாகப் படிப்பது எம்.எஸ்சியின் இரண்டு வருடத்தில்தான் நடக்கும். ஆகவே வீட்டில் முடிவெடுக்கும்போது ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். மூன்று வருடத்தோடு நிறுத்திவிட்டுக் கல்யாணப் பேச்சைத் தொடங்குவதாக இருந்தால், அதையும் அந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவள் வேறு படிப்பை யோசித்துக்கொள்ளட்டும்.

சரி, அதில் என்னதான் படிக்கிறார்கள்? கருவில் தொடங்கி முதுமை வரை மனிதர் எப்படி மாறுகிறார் என்பது முதல் பாடம். குழந்தையைப் படிக்க வந்தவர் ஏன் எழுபது வயதைப் படிக்க வேண்டும் என்று மாணவிகள் கேட்பார்கள். நம் ஊர் வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பல நேரம் அந்த எழுபது வயதுதானே? யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தையை அதன் வீடு, தெரு, பள்ளி, பெற்றோரின் வேலை, நாட்டின் சட்டம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்றார். 1979இல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் இத்துறையின் அடிப்படைப் பாடம். 1965இல் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காக ஹெட் ஸ்டார்ட் திட்டம் உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு.

அவருடைய பாடத்தை நடத்தச் செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரே கூரை, நடு முற்றமாக ஒரே வளவு. ஆனால் கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி. அவனுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. வேறு வைத்த பிறகும் பிள்ளைகள் எல்லாம் ஒரே வளவில் ஓடி விளையாடும். இது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா? வெளிநாட்டுப் பாடநூல் வகுத்த கட்டங்களில் எதிலும் இது முழுதாக அடங்காது. அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்கோ மலாயாவுக்கோ மூன்று வருடத் தவணைக்கு வேலைக்குப் போய்விட, அம்மாவான ஆத்தாவும் அப்பத்தாவும் அம்மாவைப் பெற்ற ஆயாவும் வளர்த்த தலைமுறைகள் இங்கே உண்டு. அப்பா வெளிநாட்டில் இருக்கும் குழந்தையின் வளர்ச்சி என்பது இன்று உலகம் முழுக்க ஆராயப்படும் விஷயம். நம் வீடுகளில் அதற்கு நூறு வருட அனுபவம் இருக்கிறது. இங்கிருந்து ஒரு பெண் போய் இதை முறையாக ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்றைக்கு அந்த வளவு காலி. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பத்துப் பிள்ளைகள் ஓடிய இடத்தில் ஐயாவும் அப்பத்தாவும் ஒரு பேரனும் மட்டும் இருக்கிற வீடுகள் உண்டு. அப்பா அம்மா இருவருமே சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சாப்பாடு ஊட்டக் கையில் ஃபோன். இரண்டரை வயதாகியும் பேச்சு இல்லை. “இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், சரியாயிரும்” என்று அப்பத்தா சொல்வார். சரியாகிற குழந்தைகளும் உண்டு. ஆனால் ஒரு வயதையொட்டி ஓரிரு சொற்களும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வந்திருக்க வேண்டும். வராத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, நம் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஃபோனால் வந்த தாமதமா, ஆட்டிசமா, கேட்கும் குறையா என்பதை ஐந்து நிமிடத்தில் யாரும் சொல்ல முடியாது. அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே 2013இல் வந்தபோது, இதற்காகவே மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வகுக்கப்பட்டன. அங்கே குழந்தையை அழைத்துப் போகலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை.

இந்தக் கவனிப்பு புத்தகத்தால் மட்டும் வராது. இந்தியக் குழந்தைகளின் வளர்ச்சியை அளக்க நாம் பயன்படுத்தும் டாஸி அளவுகோல், பரோடாவில் பிரமிளா பாடக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துத் தொகுத்த அளவுகளிலிருந்து வந்தது. பரோடா பல்கலைக்கழகம் இதற்காகவே சேதன் பால்வாடி என்ற மழலையர் பள்ளியைத் தன் துறையோடு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மழலையர் வகுப்பில் வேலை செய்ய சிடிஏ என்றொரு சான்று உண்டு. பட்டம்கூட இல்லை, சான்றுதான். அதற்கே 120 மணி நேர வகுப்போடு, குழந்தைகளோடு 480 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இரண்டு மாத ஆன்லைன் வகுப்பில் சான்றிதழ் வாங்கிவிட்டு, “குழந்தை உளவியல் நிபுணர்” என்று பலகை மாட்டுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. ஒரு குழந்தையின் இரண்டு வயதும் மூன்று வயதும் திரும்ப வராது. அந்த மாதங்களைத் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நான்கரை வயதில் எங்களிடம் வருகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். பலகையைப் பார்த்து அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. பதிவு எண்ணைக் கேளுங்கள், ஆர்சிஐ தளத்தில் தேடிப் பாருங்கள். முறையாகப் படித்தவர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார். வெறும் “ஆலோசகர்” என்ற பெயருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 2021இல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான சட்டம் அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது.

மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். மனித மேம்பாட்டில் எம்.எஸ்சி முடித்தாலும் அதை மட்டும் வைத்து ஆர்சிஐ பதிவு கிடைக்காது. சிறப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசை என்றால், பட்டத்துக்குப் பின் இரண்டு வருடச் சிறப்புக் கல்வி பி.எட். வேண்டும். அதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்விக்குத் துறை இருக்கிறது. பேச்சுப் பயிற்சி என்றால் பிஏஎஸ்எல்பி படிப்பு. பயிற்சியோடு சேர்த்து நான்கு வருடம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் காமர்ஸ் எடுத்துவிட்டு வந்து கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அதனால் பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே யோசியுங்கள். மருத்துவ உளவியலுக்கு நெடுங்காலமாக எம்ஃபில்தான் வழியாக இருந்தது. அந்தப் பாதை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது, சேரும் ஆண்டில் ஆர்சிஐ அறிவிப்பைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

அப்படியானால் மனித மேம்பாடு படித்து என்ன பயன் என்று மனம் தளர வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015ஐ எடுத்துப் பாருங்கள். ஆதரவற்ற, துன்புறுத்தப்பட்ட குழந்தை எங்கே வாழ வேண்டும் என்று முடிவு செய்வது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. அதன் உறுப்பினருக்கான தகுதியைச் சொல்லும் 27ஆம் பிரிவில், குழந்தை உளவியல், சட்டம், சமூகப்பணி ஆகியவற்றோடு மனித மேம்பாட்டுப் பட்டமும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. குடும்ப நீதிமன்றங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடம் தருகிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஐசிடிஎஸ் திட்டத்தில் மேற்பார்வைப் பணிகள் உண்டு. கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் யுஜிசி நெட் தேர்வை மனையியல் பாடத்தில் எழுதலாம். அரசுப் பணி என்றால் ஒரு எச்சரிக்கை. அறிவிப்பில் எழுதியிருக்கும் பட்டத்தின் பெயரும் உங்கள் சான்றிதழில் இருக்கும் பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். புதுப் புதுப் பெயரில் கவர்ச்சியாக வரும் பட்டங்களில் சேரும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் மாமா வீடு, சித்தி வீடு இருப்பதால் அங்கே படிக்கலாமா என்று கேட்பவர்களும் இங்கே குறைவில்லை. அங்கே இளநிலைப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட், நான்கு வருடம். வளர்ச்சி, குடும்ப உறவு, பெற்றோர் கல்வி, புள்ளியியல், குடும்பச் சட்டம், தொழில் அறம், கடைசியில் களப்பயிற்சி என்று போகும். குடும்ப வாழ்க்கைக் கல்வியாளர் என்ற தனிச் சான்றும் உண்டு. 1938இல் தொடங்கிய தேசியக் குடும்ப உறவுகள் கழகம் அதை வழங்குகிறது. அதன் பத்துப் பாடப் பகுதிகளில் குடும்ப வரவு செலவும் ஒன்று. கணக்கெழுதிப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு அது புதிதாக இருக்காது. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு அங்கே யாரும் குடும்பச் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது. முதுநிலையும், மேற்பார்வையில் செய்த பணி நேரமும், மாநில உரிமமும் வேண்டும். இங்கே மூன்று வருடப் பட்டம் முடித்து அங்கே முதுநிலைக்குப் போகிறவர்களிடம் சில பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடக் கல்வி கேட்கும். எம்.எஸ்சியை இங்கே முடித்துவிட்டுப் போனால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வளாகத்தில் மழலையர் பள்ளி உண்டா, எந்த ஆண்டிலிருந்து மாணவிகளை அதற்குள் விடுவார்கள், எத்தனை மணி நேரக் களப்பயிற்சி, அதை யார் கூட இருந்து பார்த்துத் திருத்துவார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் தனியாகப் பேசுங்கள். குழந்தைகளைக் கவனித்து அவள் எழுதிய பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பையன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேடி இர்வினும் அவினாசிலிங்கமும் பெண்களுக்கானவை. அதனால் இது பெண்கள் படிப்பு என்று ஆகிவிட்டது. காந்திகிராமம், பரோடா போன்றவை இருபாலரும் படிக்கும் இடங்கள். உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி வழியாகவும் பையன்கள் வரலாம். என் மையத்தில் அப்பாக்கள் பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தாலும் என்னிடம் பேசத் தயங்குகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச இந்தப் படிப்புப் படித்த ஆண்கள் இருவராவது இந்த வட்டாரத்துக்கு உடனடியாகத் தேவை.