மலாவி சிக்லிட்ட கலந்து வாங்காதீங்க

கலர் மீன் டேங்க்குக்கு வைத்தியம் பாக்குறது என் வேலை, அதுல என்னை ரொம்ப கவலைப்பட வைக்கிறது "மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்"னு மஞ்சளும் நீலமுமா ஒரே கவர்ல போட்டுக் குடுக்குற சிக்லிட் மீனுங்கதான். அதுல நெறைய ம்புனா வகை. ஆப்பிரிக்காவுல இருக்குற மலாவி ஏரிய விட்டா உலகத்துல வேற எங்கயும் இயற்கையா கிடையாது.

அந்த ஏரி நீளம் 550 கிலோமீட்டருக்கு மேல, ஆழம் கிட்டத்தட்ட 700 மீட்டர், ஆனா ம்புனா கரையோரப் பாறைய விட்டு நகராது, அதுல படிஞ்ச பாசியச் சுரண்டித் தின்னுக்கிட்டு அங்கயேதான் கிடக்கும். நடுவுல மணல் பரப்பு வந்தா பெரும்பாலும் தாண்டாது. பொட்டை மீன் முட்டைய வாய்க்குள்ளயே வச்சு மூணு வாரம் போல அடைகாத்து அந்தப் பாறையிலயே குஞ்ச விட்ருது. இப்படியே தலைமுறை தலைமுறையா இருந்து இந்தத் தீவுல ஒரு இனம், அடுத்த பாறைத்திட்டுல வேற இனம்னு பிரிஞ்சு போச்சு.

ஆணோட நிறத்தப் பாத்துதான் பொட்டை ஜோடி சேரும். டேங்க்ல தன் இனத்து ஆண் இல்லன்னா இருக்குறதோட சேந்துரும், கலப்புக் குஞ்சும் நல்லாவே பிழைச்சு அதுவும் முட்டை போடும், ரெண்டு கை மாறுனதும் அத ஒரிஜினல் பேருலயே வித்துருவாங்க.

ஏரிக்குள்ளயே இது நடந்துருக்கு. 1984ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமா அறிவிச்ச மலாவி ஏரி தேசியப் பூங்காவுக்குள்ள தும்பி வெஸ்ட்னு ஒரு தீவு, அங்க கலர் மீன் வியாபாரத்துக்காக வேற இடத்து ம்புனாவக் கொண்டாந்து விட்டாங்க, அது உள்ளூர் மீனோட கலந்தத ஆராய்ச்சியாளர்கள் மரபணு வச்சே காட்டிட்டாங்க. சிப்போகாங்குற ஏரிக்கரை ஊர் பக்கம் கொஞ்சம் பாறையில மட்டும் இருக்குற ஒரு இனத்த டேங்க்குக்காக அள்ளி அள்ளியே அழிவோட விளிம்புல கொண்டாந்து விட்டாச்சு. ஏரிக்கு வெளியில டேங்க்ல இருக்குற சுத்தமான வம்சமாவது கலக்காம இருக்கணும்னா அது வளக்குறவங்க கையிலதான் இருக்கு.

அதனால வாங்கும்போது இனத்தோட முழுப்பேரக் கேளுங்க, சொல்லத் தெரியாத கடையில வாங்காதீங்க. ஒரு டேங்க்ல பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு இனம் வேண்டாம், ஒரு இனத்துல ஒரு ஆணுக்கு மூணு நாலு பொட்டையாவது விடுங்க. (தெனமும் புழு போடாதீங்க, பாசி தின்னுற குடலு, வயிறு உப்பிப் போய்தான் முக்காவாசி எங்கிட்ட வருது.) ஏற்கனவே கலப்பு மீன் வச்சிருந்தா அத நல்லபடியா கடைசிவரைக்கும் பாத்துக்குங்க, குஞ்ச மட்டும் யாருக்கும் குடுக்க வேண்டாம், ஏரி குளத்துலயும் விட்றாதீங்க.