350 குதிரை, 24 கிலோமீட்டர்

லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே விரைவு ரயில்களை இழுத்த டெல்டிக் டீசல் இன்ஜினின் சக்தி 3,300 குதிரைத்திறன். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே காலத்தில் பிரிட்டன் யார்டுகளில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்த கிளாஸ் 08 ஷண்டிங் இன்ஜினுக்கு வெறும் 350. இன்றைக்குக் கார்களிலேயே இதைவிட அதிகம் கிடைக்கிறது. வேகமோ, அதிகபட்சம் 24 கிலோமீட்டர். தெம்புள்ள ஆள் சைக்கிளில் முந்திவிடலாம். ஆனால் நிற்கிற ரயிலை அசைக்கும் நேரத்தில் டெல்டிக்கின் இழுவை ஏறத்தாழ 23 டன் என்றால், இந்தக் குட்டி இன்ஜினின் இழுவை 16 டன். பத்தில் ஒரு பங்கு சக்தியை வைத்துக்கொண்டு இதெப்படி?

சக்தி என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. வேகம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், இருக்கிற கொஞ்சச் சக்தியையும் விசையாக வாங்கிக்கொள்ளலாம். லாரி மேடு ஏறும்போது டிரைவர் முதல் கியருக்கு வருவது இதற்குத்தான். கிளாஸ் 08 பிறந்ததிலிருந்தே முதல் கியரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த 16 டன் இழுவையும் ஆள் நடக்கிற வேகம் வரைக்கும்தான். உச்ச வேகத்தைத் தொடும்போது 3 டன் மிஞ்சினால் பெரிது.

இந்த வேலைக்கு மின்மோட்டாரின் சுபாவம் அப்படியே பொருந்துகிறது. டீசல் இன்ஜின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றும், அதில் வரும் மின்சாரம் இரண்டு மோட்டார்களுக்குப் போகும். ஓடுகிற மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர் போல எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தடுக்கும். நிற்கும்போது அந்தத் தடை இல்லை, மின்னோட்டம் பாய்ந்து வரும். இங்கே காந்தச் சுருளும் சுழலும் சுருளும் தொடராக இணைந்திருப்பதால் அதே மின்னோட்டம் இரண்டிலும் போகிறது. திருகுவிசை பல மடங்காக ஏறுகிறது. நின்ற நிலையிலேயே முழுப் பலம். பெட்ரோல் கார்க்காரர்கள் கிளட்சோடு போராடுவதெல்லாம் இதற்கு இல்லை.

சரி, விசை வந்துவிட்டது. சக்கரம் வழுக்கினால் என்ன பயன்? இரும்பு மேல் இரும்பு, அதிலும் ஈரத் தண்டவாளம். அதனால்தான் சுமார் 50 டன் எடையும் ஆறு சக்கரங்கள் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சும்மா தாங்குவதற்கென்று தனிச் சக்கரம் எதுவும் கிடையாது. அந்த ஆறையும் பக்கவாட்டில் நீராவி இன்ஜினில் இருப்பது போன்ற இணைப்புத் தண்டுகள் கோத்திருக்கின்றன. ஒரு அச்சு வழுக்கப் பார்த்தால் மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். டீசல் காலத்தில் இந்தத் தண்டுகள் மேலும் கீழுமாக ஆடுவதைப் பார்க்கப் பழசாகத் தெரியலாம். எனக்கு அதுதான் இந்த இன்ஜினின் அழகு.

பானட்டுக்குள் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம், ஆறும் சேர்ந்து 90 லிட்டருக்கு மேல். முழு ஓட்டத்திலும் நிமிடத்துக்கு 680 சுற்றுதான். இவ்வளவு பெரியதை இவ்வளவு நிதானமாக ஓட்டினால் தேய்மானம் குறைவு, ஆயுள் அதிகம். ரயில் பைத்தியங்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் 'கிராங்க்' (Gronk).

1952 முதல் 1962 வரை 996 இன்ஜின்கள் கட்டினார்கள். காரணம் எளிது. நீராவி இன்ஜின் சூடேறவே மணிக்கணக்காகும், கரி அள்ளிப்போட இன்னொரு ஆள் வேண்டும், வேலையில்லாமல் நிற்கும்போதும் கரி எரியும். ஷண்டிங்கில் பாதி நேரம் நிற்பதுதான் வேலை. டீசல் என்றால் ஓட்ட ஒருவர் போதும், இரவும் பகலும் ஓடும்.

கீழே தரையில் நிற்பவரின் வேலை வேறு மாதிரி. கையில் கொக்கி வைத்த நீளக் கழி. பழைய சரக்குப் பெட்டிகளை இணைப்பது மூன்று வளையச் சங்கிலி. இரண்டு பெட்டிகளும் முட்டி நெருங்கும் அந்த நொடியில், உள்ளே நுழையாமல், பக்கத்தில் நின்றபடியே சங்கிலியைக் கழியால் தூக்கிக் கொக்கியில் மாட்ட வேண்டும். சங்கிலி தொய்வாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு: இன்ஜின் நகரும்போது பெட்டிகள் ஒவ்வொன்றாகத்தான் அசையும், மொத்தப் பாரமும் ஒரே நேரத்தில் விழாது. டிரைவர் அந்த ஆளின் கையசைவைப் பார்த்தே ஓட்டுவதால், கேபினின் இரு பக்கமும் கட்டுப்பாட்டுக் கைப்பிடிகள் இருக்கும்.

துறைமுகங்களின் குறுகிய வளைவுகளுக்கு கிளாஸ் 03 என்ற இன்னும் சின்னது ஒன்று இருந்தது. 204 குதிரைத்திறன், 30 டன், மோட்டாருக்குப் பதில் கியர்பாக்ஸ். தண்டவாளத்தில் ரயில் நிற்கிறதா என்று மின்சுற்றின் மூலம் கண்டுபிடிக்கும் சிக்னல் அமைப்பு, இந்தப் பொடியனைச் சில நேரம் கவனிக்காமலே விட்டுவிடும். அதற்காகவே பக்கத்தில் ஒரு வேகனை மாட்டிக்கொண்டு திரிந்தது!

பெட்டி பெட்டியாகச் சரக்கு அனுப்பும் வழக்கம் போய், யார்டுகளும் மூடப்பட்டன. கிளாஸ் 08 மட்டும் பணிமனைகளில் ரயில்களை உள்ளே தள்ளிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள். 24 கிலோமீட்டர் வேகத்தில் மெயின் லைனில் விட்டால் பின்னால் வருகிற ரயில்கள் எல்லாம் காத்துக்கிடக்க வேண்டுமே.