கெப்பாசிட்டர் போட்ட பிறகு டையோடு என்ன செய்கிறது?

நாகர்கோவில் பாலிடெக்னிக் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரெக்கார்டு நோட்டில் ரெக்டிஃபயர் அலைவடிவங்கள் வரைந்தேன். ஃபில்டர் உள்ள படத்தை மட்டும் சார் கோடு போட்டு அடித்துவிட்டார். புத்தகத்தில் இருந்ததைத்தானே வரைந்தேன்?"

மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகளால் ஏசியை டிசியாக்கும் சுற்றுதான் ரெக்டிஃபயர். அதன் மேடுபள்ளத்தைச் சமனாக்கக் கெப்பாசிட்டர் போடுவது ஃபில்டர். பல புத்தகங்களில் அந்தப் படம் ஏறுவதும் நேர்கோடு, இறங்குவதும் நேர்கோடு என்று ரம்பப் பல்லாகத்தான் இருக்கும். அடி வாங்கியது அதனால்தான் இருக்க வேண்டும்.

முதலில் அளவுகோல். முப்பந்தல் காற்றாலையிலிருந்து வந்தாலும் கூடங்குளத்திலிருந்து வந்தாலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். கிடை அச்சில் 2 செ.மீ.க்கு 5 மில்லிசெகண்ட், செங்குத்தில் 1 செ.மீ.க்கு 5 வோல்ட் என்று வைத்தால் இரண்டு சுற்றுகள் 16 செ.மீ.யில் அடங்கும். எல்லாப் படங்களையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக, பூஜ்ய நேரம் ஒரே கோட்டில் வரும்படி வரையுங்கள். நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் தரும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் 12 என்பது ஆர்.எம்.எஸ். எனும் பயனுறு மதிப்பு; உச்சம் 17 வோல்ட். லோடு (வெளியீட்டில் மின்சாரம் இழுப்பது) குறைவாக இருந்தால் அளவு இன்னும் கூடுதலாகக் காட்டும். காட்டுவதையே எழுதுங்கள். நான்கு டையோடு உள்ள பிரிட்ஜ் சுற்றில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகள் சேர்ந்து 1.4 வோல்ட்டை விழுங்குவதால், இரு மேடுகளுக்கு நடுவே கூர்முனை வராது. அரை மில்லிசெகண்ட் தட்டையாகக் கிடக்கும். தாளில் அது 2 மி.மீ.

இனி ஃபில்டர். டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனையையும் இரண்டு டையோடுகளையும் கொண்ட சென்டர்டேப் முழு அலைச் சுற்று, 1என்4007 டையோடுகள், 1 கிலோ ஓம் லோடு, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஒரு டையோடுக்கான 0.7 வோல்ட் போக, கெப்பாசிட்டர் 16.3 வோல்ட்டுக்கு ஏறுகிறது. உச்சம் தாண்டி 0.1 மில்லிசெகண்டுக்குள் சைன் அலை கெப்பாசிட்டரைவிட வேகமாக இறங்கிவிடும், டையோடு அடைபடும். அதன்பின் லோடுக்குக் கெப்பாசிட்டர் மட்டுமே கதி. கெப்பாசிட்டர் எவ்வளவு மெதுவாக வடியும் என்று சொல்லும் நேர மாறிலி (ஓம் × ஃபாரட்) 100 மில்லிசெகண்ட் என்பதால் இறக்கம் ஏறக்குறைய நேர்கோடு. இது சரி. அடுத்த மேடு ஏறிவந்து, சுமார் 1.4 வோல்ட் இறங்கிவிட்ட கெப்பாசிட்டரைத் தொடும்போதுதான் டையோடு திறக்கும். உச்சத்துக்கு அப்போது 1.3 மில்லிசெகண்டே பாக்கி. ஆகவே ஏற்றம் நேர்கோடு அல்ல, சைன் அலை உச்சியின் ஒரு துண்டு: தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, மேலே வளைந்து படியும். தாளில் இறக்கத்துக்கு 35 மி.மீ., ஏற்றத்துக்கு 5 மி.மீ. இந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது ரிப்பிளை, 1 செ.மீ.க்கு 0.5 வோல்ட் என்று தனியே வரையுங்கள். 1 செ.மீ.க்கு 5 வோல்ட் அளவுகோலில் அது 3 மி.மீ. கூட வராது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கடுத்த படம், டையோடு மின்னோட்டம். ரெக்கார்டில் யாரும் வரைவதில்லை. லோடு இழுப்பது 16 மில்லிஆம்பியர்தான். ஆனால் 10 மில்லிசெகண்டுக்கான மின்னூட்டத்தை 1.3 மில்லிசெகண்டில் திணிக்க வேண்டும். சுருளின் மின்தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், டையோடு திறந்த கணத்தில் மின்னோட்டம் 200 மில்லிஆம்பியரைத் தாண்டிப் பாய்ந்து, உச்சத்தில் அடங்கிவிடும். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் ரிப்பிள் குறையும். இந்தத் துடிப்பு இன்னும் ஒடுங்கி உயரும்.

வீடுகளில் சார்ஜர், டிவி, எல்.இ.டி. பல்பு எனப் பலவற்றின் வாசலிலும் இதேபோல் டையோடுகளும் கெப்பாசிட்டரும்தான். எல்லாம் ஒரே உச்சத்தில் இழுப்பதால் லைனில் மின்னழுத்தம் அங்கேதான் சரிகிறது. அதனால் அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வில் உள்ளீட்டு அலையின் தலை லேசாகச் சீவியதுபோல் தெரியலாம். தெரிந்தால் அப்படியே வரையுங்கள். சீனியர் ரெக்கார்டிலிருந்து பிரதியெடுத்த அழகான சைன் அலையைவிட அந்தத் தட்டைத் தலைக்கே நான் கூடுதல் மார்க் போடுவேன்.

சி.ஆர்.ஓ.வில் இரண்டு கவனம் தேவை. டிசி பகுதியை வெட்டிவிடும் ஏசி கப்ளிங்கில் வைத்தால் படம் கீழே இறங்கி, அரை அலையே நெகட்டிவுக்குப் போனதுபோல் தெரியும். வெளியீட்டுக்கு டிசி, ரிப்பிளுக்கு மட்டும் ஏசி. பிரிட்ஜில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இரண்டு சேனலில் ஒரே நேரம் பார்க்காதீர்கள். இரண்டு கிரவுண்ட் கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். ஒரு டையோடு ஷார்ட் ஆகி, அடுத்த அரைச் சுற்றில் இன்னொன்று கருகும். அலை திரையில் எந்தக் கணத்தில் தொடங்கும் என்று முடிவுசெய்யும் டிரிகரை லைனில் (50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு) வைத்து, ஒன்றைக் குறித்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். நேர ஒப்பீடு மாறாது.