காலியாகிப்போன டி டிரைவ்

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு வீட்டில், என் தாய்மாமன் ரப்பர் ஷீட் விற்ற கணக்கையும் பால்வெட்டுக்காரர்களின் கூலியையும் எழுதி வைக்கும் பழைய கணினி ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி உள்ள அந்தப் பெட்டியில் கணக்கெல்லாம் டி டிரைவில் இருந்தது. சென்ற மழைக்காலத்தில் கணினி அடிக்கடி நின்றுபோகவே, கடையில் கொடுத்து எக்ஸ்பியைப் புதிதாக நிறுவச் சொன்ன மாமா, வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு ஹார்டு டிஸ்க்கையும் முன்னதாகவே உள்ளே பூட்டச் செய்திருக்கிறார். திரும்பக் கொண்டுவந்து பார்த்தால் டி காலி. "டி-ல ஒண்ணையும் காணல மக்களே, புதுசா இ-ன்னு ஒண்ணு வந்திருக்கு, அதை ஃபார்மேட் பண்ணட்டா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். மவுஸிலிருந்து கையை எடுங்கள் என்பதுதான் நான் முதலில் சொன்ன பதில். அவர் திறந்துகூடப் பார்க்காமல் புதிது என்று நினைத்த அந்த இ டிரைவில்தான் பழைய கணக்கு முழுவதும் இருந்தது.

இந்தக் குழப்பத்தின் வேர், டிரைவ் எழுத்து டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம். அப்படி எதுவும் இல்லை. ஹார்டு டிஸ்க் செக்டர் என்னும் சிறு துண்டுகளால் ஆனது. அதன் முதல் செக்டரான 512 பைட்டில், எந்தப் பகுதி (பார்ட்டிஷன்) எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லும் அட்டவணை இருக்கிறது. சி என்றோ டி என்றோ அதில் ஓர் எழுத்தும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு நிலத்தை ஊரார் ஏதோ ஒரு விளைப் பெயரால் (விளை என்றால் தோட்ட நிலம்) அழைப்பார்கள், பத்திரத்திலோ சர்வே எண்ணும் நான்கெல்லையும் இருக்கும். டிரைவ் எழுத்து விளைப் பெயரைப் போன்றது. அழைப்பவர் மாறினால் பெயரும் மாறலாம். நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

எழுத்திட்டு அழைக்கும் வழக்கம் விண்டோஸைவிடப் பழையது. கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து அதை, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் எடுத்துக்கொண்டது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு உரியவை. 1983இல் வந்த எக்ஸ்டி மாதிரியில் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க் சேர்ந்தபோது அதற்குக் கிடைத்தது சி. ஃபிளாப்பி மறைந்த பிறகும் நம் வீட்டுக் கணினி சி-யில் தொடங்குவது அதனால்தான்.

டாஸும் விண்டோஸ் 98உம் ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் எழுத்துகளைப் புதிதாகவே பங்கிட்டன. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள பிரைமரி பார்ட்டிஷனுக்கு, அதாவது முதன்மைப் பகுதிக்கு, ஓர் எழுத்து. அது முடிந்த பிறகே லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் எனப்படும் உட்பகுதிகளுக்கு. எல்லாம் தீர்ந்த பின் சிடி டிரைவுக்கு. ஒரே டிஸ்க்கில் பிரைமரி ஒன்றும் லாஜிக்கல் ஒன்றும் இருந்தால் அவை சி, டி ஆகும். பிரைமரி உள்ள இரண்டாவது டிஸ்க்கைப் பூட்டியதும் அது இடையில் புகுந்து டி-யைப் பிடித்துக்கொள்ள, பழைய டி பின்தள்ளப்பட்டு இ ஆகிவிடும். புதிதாக வந்தது கடைசியில்தான் நிற்கும் என்று நம்பிக் கடைசி எழுத்தை ஃபார்மேட் செய்தவர்கள் தங்கள் சொந்தக் கோப்புகளையே அழித்தார்கள். இரண்டாவது டிஸ்க்கில் பிரைமரியே வைக்காமல் லாஜிக்கல் மட்டும் அமைத்தால் இந்தச் சிக்கல் வராது என்பது அக்காலத்துக் கடைக்காரர்கள் அறிந்த உபாயம்.

விண்டோஸ் 2000உம் எக்ஸ்பியும் இதைத் திருத்தின. ஒருமுறை கொடுத்த எழுத்தை அவை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் 'மவுன்டட் டிவைசஸ்' என்ற இடத்தில் பதிந்து வைக்கின்றன. சாதாரண ஹார்டு டிஸ்க் பார்ட்டிஷனுக்கு அந்தப் பதிவு 12 பைட் மட்டுமே: டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் 4 பைட் அடையாள எண்ணும், பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைச் சொல்லும் 8 பைட் எண்ணும். எக்ஸ்பி காலத்து முதல் பார்ட்டிஷன் வழக்கமாக 63ஆம் செக்டரில் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கினால் வரும் 32,256 என்பதே அங்கே எழுதப்பட்டிருக்கும் எண். சர்வே எண்ணும் எல்லையும் பொருந்தும் வரை, கேபிளை மாற்றிச் செருகினாலும் எழுத்து மாறாது. ஆனால் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது அந்தப் பதிவேடு வெறுமையாகத் தொடங்குகிறது. எழுத்துகள் பழைய வரிசை முறைப்படியே, பிரைமரிக்கு முதலிடம் என்று, பங்கிடப்படுகின்றன. மாமா வீட்டில் நடந்தது இதுதான். டிஸ்க்கை ஒரு வாரம் கழித்துப் பூட்டியிருந்தால் டி டி-யாகவே இருந்திருக்கும்.

சரிசெய்வது கடினமன்று. 'மை கம்ப்யூட்டர்' படத்தின்மீது வலது சொடுக்கி 'மேனேஜ்' வழியாக டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிஸ்க்குகளும் பார்ட்டிஷன்களும் அவற்றின் அளவுகளோடு வரிசையாகத் தெரியும். எழுத்தை நம்பாமல் அளவைப் பார்த்தே எது எது என்று தீர்மானிக்க வேண்டும். பார்ட்டிஷனை வலது சொடுக்கி 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' என்பதைத் தேர்ந்து வேறு எழுத்தைக் கொடுக்கலாம். இரண்டு எழுத்துகளை நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாததால், காலி டி-யை முதலில் டபிள்யூ ஆக்கி, பிறகு இ-யை டி ஆக்கினோம். டெஸ்க்டாப்பில் மாமா வைத்திருந்த ஷார்ட்கட், டி என்று தொடங்கும் பாதையைத்தான் தேடும். எழுத்து திரும்பியதும் கணக்கு தானாகத் திறந்தது. விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்தை மட்டும் இந்த வழியில் மாற்ற இயலாது. எனவே நிறுவும் நேரத்தில் கார்டு ரீடர், பென் டிரைவ் போன்றவற்றைக் கழற்றி வைப்பது நல்லது. அவை முன்னெழுத்துகளைப் பிடித்துக்கொண்டதால் விண்டோஸ் சி-க்குப் பதில் வேறு எழுத்தில் போய் அமர்ந்த கணினிகள் உண்டு.

அந்தத் திரையில் 'ஹெல்தி' என்றிருந்து எழுத்து மட்டும் இல்லாவிட்டால், எழுத்தைச் சேர்த்தால் போதும். 'அன்அலோகேட்டட்' (பகுதியே பிரிக்கப்படாதது) என்றோ 'ரா' (கோப்பு அமைப்பை விண்டோஸால் அடையாளம் காண முடியாதது) என்றோ காட்டினால் நோய் வேறு. எழுத்தை மாற்றிப் பயனில்லை. 'இனிஷியலைஸ்' செய்யவா, ஃபார்மேட் செய்யவா என்று கணினி கேட்டாலும் 'கேன்சல்' அழுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் டிஸ்க்கைக் காட்டுவதே சரி. டிஸ்க்கே தெரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோக முனைகளை அரிப்பதை நான் முதலில் சந்தேகிப்பேன்.

எழுத்தைப் போலன்றி, பார்ட்டிஷனுக்கு நாம் இடும் பெயர் அதற்குள்ளேயே எழுதப்படுகிறது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளுள் எஃப்ஏடி 32 முறையில் 11 எழுத்து வரையும், என்டிஎஃப்எஸ் முறையில் 32 எழுத்து வரையும் இடமுண்டு. மாமாவின் டி-க்கு 'ரப்பர்' என்றும், காலி டிஸ்க்குக்கு 'சும்மா' என்றும் ஆங்கில எழுத்தில் பெயரிட்டு வைத்தேன். பிறகொரு நாள் அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் செருகிப் பிரதி எடுத்தபோது டி அங்கே ஜி ஆகியிருந்தது. பக்கத்தில் 'ரப்பர்' என்ற பெயர் அப்படியே இருந்தது.