உள்ளே படுத்திருந்த பூனை

கள்ளழகர் வைகையில் இறங்கி, மண்டகப்படிகளை முடித்துக்கொண்டு அழகர்மலைக்குத் திரும்பிய பிறகுதான் மதுரையில் வெயில் தன் முழு முகத்தைக் காட்டும். அந்த வாரத்தில்தான் என் மடிக்கணினி சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு விசிறி இரைச்சலிடும், எழுத்துகள் நத்தையாக ஊரும், கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. அதே அறையில் மேசைக்கடியில் கிடக்கும் பழைய மேசைக்கணினிக்கு வயது பன்னிரண்டு. அது ஒருநாளும் இப்படிப் படுத்ததில்லை.

மேல மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அடிமூடியை நெம்பித் திறந்தார். சிறிய விசிறிக்கும் அதன் வாயில் அடுக்கியிருந்த மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. இடுக்கியால் பிடித்து இழுத்தார். கிழியாமல், கம்பளித் துண்டு போல முழுதாக வந்தது. "உள்ளே ஒரு பூனையே படுத்திருக்கிறது அண்ணே" என்றார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. துணி நூல், தலைமுடி, தெருப்புழுதி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக நெய்த துணி அது.

மேசைக்கணினிக்குள்ளும் தூசி உண்டு, இதைவிட அதிகமாகவே. ஆனால் அங்கே தூசி படிகிறது, இங்கே அடைக்கிறது. மேசைக்கணினிப் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் வெற்றிடம். 12 சென்டிமீட்டர் விசிறி நிதானமாகச் சுற்றினாலே காற்று தாராளமாகப் போய்வரும். மடிக்கணினியில் விசிறி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், தகடுகளின் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான். இரண்டிலும் கணக்குப் போடுவது ஒரே வகைச் சிலிக்கான் சில்லு. வித்தியாசமெல்லாம் அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதில்தான்.

அந்தக் குறைந்த இடத்தில் சில்லின் சூட்டை வெளியேற்றுவதற்கு ஓர் அழகான உபாயம் வைத்திருக்கிறார்கள். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது ஆவியில் கைசுட்டவர்களுக்கு அது எளிதாகப் புரியும். தண்ணீர் ஆவியாகும்போது பெருஞ்சூட்டை விழுங்கிக்கொள்கிறது; மூடியில் பட்டு மீண்டும் துளியாகும்போது விழுங்கியதை அப்படியே கக்கிவிடுகிறது. மடிக்கணினியின் செம்புக் குழாய்க்குள் நடப்பதும் இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு அடைத்த குழாய். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதிக்கும். சில்லின் மேல் ஒரு முனை, தகடுகளில் மறு முனை. ஆவி அங்கே ஓடி, குளிர்ந்து, நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த நீரைத் திரும்ப இழுத்து வருகிறது. மின்சாரமே வேண்டாத இந்தச் சுற்று பல ஆண்டுகள் பழுதின்றி ஓடும். கடைசி ஒரு விரற்கடைத் தூரத்தில் பூனை படுத்துக்கொண்டால்தான் வினை.

வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. சூடு, சில்லுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்பவே நகரும். 22 டிகிரிக்குக் குளிரூட்டிய அலுவலகத்தில் ஒரு சில்லு 75 டிகிரியில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையை 40 டிகிரி மதுரை மதியத்தில் செய்தால் அது ஏறக்குறைய 93 டிகிரியில் நிற்கும். பெரும்பாலான சில்லுகளுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் எல்லை. அந்த எல்லையை நெருங்கியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதென்றால் கணினி அணைந்துவிடும். நான் கண்ட நத்தை ஓட்டம் நோயன்று, தற்காப்பு. மெத்தையின் மேல் வைத்துப் படம் பார்ப்பவர்கள் அடிப்பக்கக் காற்றுத் துளைகளையும் மூடி, இந்தத் தற்காப்பைத் தினமும் சோதிக்கிறார்கள்.

சூட்டில் சில்லு சாவது அரிது. முதலில் பலியாவது பேட்டரி. லித்தியம் மின்கலத்தில் மின்முனைக்கும் திரவத்துக்கும் இடையே ஒரு மெல்லிய படலம் உண்டு. அது இல்லாவிட்டால் மின்கலமே நிலைக்காது. தடித்துக்கொண்டே போனாலோ லித்தியத்தைத் தின்றுவிடும். முழு மின்னேற்றமும் சூடும் சேரும்போதுதான் இந்தச் சிதைவு விரைவாக நடக்கிறது. கடை மேசையில் நாள் முழுதும் செருகியே கிடக்கும் மடிக்கணினிக்கு இரண்டும் ஒருசேர வாய்க்கின்றன. அதை வெளியூருக்கே எடுத்துப்போகாதவருக்குத்தான் பேட்டரி சீக்கிரம் போகிறது என்பது விசித்திரம். 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இப்போது பல மடிக்கணினிகளில் இருக்கிறது. நம்மூருக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. சிதைவில் உண்டாகும் வாயு மின்கலப் பையை உப்ப வைத்து, தொடுபலகையை மேலே தள்ளத் தொடங்கினால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் யோசனை உயிருக்கு உலை.

கீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையைத் தாங்கும் எஃகுக் கீல், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னஞ்சிறு பித்தளை நட்டுகளில் நிற்கிறது. கீல் இறுகிய பிறகு ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் எஃகு வளையாது, பிளாஸ்டிக்தான் பிளக்கும். நடுவில் பிடித்துத் திறப்பது நல்லது. கீழே விழுவதோ எளிய கணக்கு: 75 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து விழுந்து, அரை சென்டிமீட்டர் நசுங்கலுக்குள் நின்றால், அந்தக் கணத்தில் அது தாங்குவது புவியீர்ப்பைப் போல் 150 மடங்கு. மேசைக்கணினி யார் மடியிலும் ஏறுவதில்லை, பஸ்ஸிலும் போவதில்லை. அதன் ஆயுளில் பாதி அந்தச் சோம்பேறித்தனம்தான்.

ஆனால் மேசைக்கணினியை ஒரேயடியாகப் புகழவும் மனம் வரவில்லை. அதன் பலவீனம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி. அதற்குள் இருக்கும் உருளை மின்தேக்கிகளில் ஈரமான வேதிக் கரைசல் உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்திருக்கும் மின்தேக்கி, 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறத்தாழ இருமடங்கு வாழும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். விசிறி தூசியில் சிக்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2000-களின் தொடக்கத்தில் மோசமான கரைசல் ஊற்றிய மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளில் தலை உப்பி வெடித்த கதையையும் பழைய மெக்கானிக்குகள் மறந்திருக்க மாட்டார்கள்.

மின்சாரம் என்று வந்துவிட்டால் மடிக்கணினிக்கே என் ஓட்டு. அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் சகித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கிப் பிடிக்கும். 2012-இல் தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் தவித்தபோது, அரசு தந்த இலவச மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருட்டிலும் ஒளிர்ந்தன. யு.பி.எஸ். இல்லாத மேசைக்கணினி, எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே தொலைத்துவிட்டு அணையும். கோடை இடிமழையில் மின்சாரம் போய் வருகையில் எகிறும் மின்னழுத்தத்தையும் அது நேரடியாக வாங்கிக்கொள்ளும்.

அந்த அடியை வாங்கினாலும் பெரும்பாலும் சாவது எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒன்றுதான். கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். புதிய மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகத்தையே போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். தேநீர் கொட்டினால் விசைப்பலகை வழியாக நேரே போர்டுக்குத்தான் போகும். ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

சிம்மக்கல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சானின் மேசைக்கணினியில் இதுவரை எஸ்.எம்.பி.எஸ். இரண்டு முறையும், ஹார்டு டிஸ்க் ஒரு முறையும், விசைப்பலகை கணக்கில்லாமலும் மாறியிருக்கின்றன. இப்போது போர்டில் இருக்கும் நாணய அளவு மின்கலம் தீர்ந்துவிட்டது. மூன்று வோல்ட் தருவது, கடிகாரத்தை ஓட்டுவதுதான் அதன் வேலை. அதனால் தினமும் காலையில் அந்தக் கணினி 2009 ஜனவரி 1-இல் கண் விழிக்கிறது. மச்சான் கடை திறந்து, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டி, பிறகு தேதியைத் திருத்துகிறார். "மாற்றிவிடலாம் மாப்பிள்ளை, சில்லறைக் காசுதான்" என்கிறார், இரண்டு வருடமாக.